தாமதமாக வந்த தேசமும் முந்திப் போனவர்களும்

'1939-லேயே அமெரிக்கா போரில் இறங்கியிருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள் இல்லையா?' பாசிசம் பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைப் போடாமல் இருப்பதில்லை. கேட்கிறவர்கள் அமெரிக்காவுக்கு வால் பிடிப்பவர்கள் அல்ல. பாசிசத்தை மனசார வெறுப்பவர்கள். ஒரு அநியாயம் கண்ணெதிரே நடக்கும்போது ஒதுங்கி நிற்பவனும் குற்றவாளிதான் என்ற அறவுணர்வில் இருந்துதான் கேட்கிறார்கள். அதனாலேயே இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது.

பதில் சொல்வதற்கு முன்னால் இந்தக் கேள்வியையே ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதில் ஒரு எழுவாய் இருக்கிறது: அமெரிக்கா என்கிற தேசம். ஒரு பயனிலை இருக்கிறது: போரில் இறங்குவது. ஒரு வினையடை இருக்கிறது: முன்னதாகவே. மூன்றுமே வெள்ளந்தியான சொற்கள் மாதிரி தெரிகின்றன. மூன்றுமே எதையோ மறைக்கின்றன.

1

பயனிலையில் இருந்து தொடங்கலாம். 'போரில் இறங்குவது' என்று சொன்னால், அதுவரை வெளியே நின்றதாக ஆகிறது. அமெரிக்கா வெளியே நின்றதா?

1935 ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நடுநிலைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. போரிடும் இரண்டு தரப்புக்கும் ஆயுதம் விற்கக்கூடாது. தாக்குகிறவன் யார், தாக்கப்படுகிறவன் யார் என்று சட்டம் கேட்காது. அந்த அக்டோபரில் முசோலினி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தான். இரண்டு நாட்டுக்கும் ஆயுதம் இல்லை என்று அமெரிக்கா அறிவித்தது. இத்தாலிக்குச் சொந்தமாக ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்தன. எத்தியோப்பியாவிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஆக, தடை யார் தலையில் விழுந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் பெட்ரோல். பெட்ரோல் ஆயுதப் பட்டியலில் வராது. இத்தாலிக்குப் போன அமெரிக்க எண்ணெயின் அளவு அந்த மாதங்களில் கூடியதே தவிரக் குறையவில்லை.

அடுத்தது ஸ்பெயின். 1936 ஜூலையில் மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுக்கு எதிராக ராணுவத் தளபதிகள் கிளம்பினார்கள். நடுநிலைச் சட்டம் நாடுகளுக்கிடையிலான போருக்குத்தான், உள்நாட்டுப் போருக்கு அல்ல. அப்படியானால் ஸ்பெயின் அரசாங்கம் ஆயுதம் வாங்கலாம்தானே? விடவில்லை. 1937 ஜனவரியில் ஸ்பெயினுக்கென்றே தனியாக ஒரு தடை போட்டார்கள். செனட்டில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பிரதிநிதிகள் சபையில் 406க்கு 1. அந்த ஒரு ஓட்டு மின்னசோட்டாவின் ஜான் பெர்னார்டு போட்டது. ஹிட்லரும் முசோலினியும் ஃபிராங்கோவுக்கு விமானமும் ஆட்களும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டெக்சாகோ கம்பெனி அதே ஃபிராங்கோவுக்குக் கடனுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது. 1937 ஏப்ரலில் குவெர்னிகா நகரத்தின்மேல் குண்டு விழுந்தபோது அமெரிக்கா 'நடுநிலை'யாக இருந்தது.

சீனா இன்னொரு கதை. 1937 ஜூலையில் ஜப்பான் முழு அளவில் படையெடுத்தது. அமெரிக்கப் பழைய இரும்பு 1940 இலையுதிர்காலம் வரை ஜப்பானுக்குப் போனது. எண்ணெய் 1941 கோடைகாலம் வரை போனது. ஜப்பானிய ராணுவ எந்திரம் ஓடிய எண்ணெயில் பெரும்பங்கு அமெரிக்கக் கிணறுகளில் எடுத்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1940 செப்டம்பரில் பிரிட்டனுக்கு 50 பழைய போர்க்கப்பல்களைக் கொடுத்து, மாற்றாகத் தளங்களை வாங்கிக்கொண்டது அமெரிக்கா. 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம். அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் அட்லாண்டிக்கில் அமெரிக்கக் கடற்படையும் ஜெர்மன் நீர்மூழ்கிகளும் நேருக்கு நேர் சுட்டுக்கொண்டிருந்தன. அக்டோபர் கடைசியில் ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கி குறைந்தது நூறு மாலுமிகள் செத்தார்கள். காகிதத்தில் அப்போதும் நடுநிலைதான்.

வள்ளுவரிடம் நடுவுநிலைமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அங்கே அது தராசு. எடை போட்டுப் பார்த்து நியாயத்தின் பக்கம் நிற்பது. நவீன அரசுகளின் நடுநிலை அப்படியல்ல. எடையே போடமாட்டேன் என்று சட்டம் எழுதி வைத்துக்கொண்டு, கடையை மட்டும் திறந்து வைத்திருப்பது. வெளியே நின்று கடைசியில் உள்ளே வந்த அமெரிக்கா என்று ஒன்று கிடையாது. எண்ணெயாக, இரும்பாக, கடனாக அது எப்போதோ உள்ளே இருந்தது. பெரும்பாலும் தப்பான பக்கத்தில்.

2

இனி எழுவாய். 'அமெரிக்கா' இறங்கியிருக்க வேண்டும் என்றால், யார் அந்த அமெரிக்கா?

அமெரிக்கா முதலில் என்ற கமிட்டி 1940 செப்டம்பரில் உருவானது. அதன் நட்சத்திரப் பேச்சாளர் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க். 1941 செப்டம்பரில் டெஸ் மாய்ன்ஸ் நகரில் அவர் பேசியபோது, நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் நிர்வாகம் என்று பட்டியல் போட்டார். 'போர் வேண்டாம்' என்ற வாக்கியத்துக்குள் எவ்வளவு யூத வெறுப்பு பதுங்கியிருக்க முடியும் என்பதற்கு அந்தப் பேச்சே போதும். ஆனால் சோசலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸும் போர் வேண்டாம் என்றுதான் சொன்னார். முதல் உலகப்போர் தொழிலாளிகளை என்ன செய்தது என்று நேரில் பார்த்தவர் அவர். வாக்கியம் ஒன்றுதான், அது வரும் இடங்கள் வேறு.

அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியோ 1939 செப்டம்பர் முதல் 1941 ஜூன் 22 வரை அதை ஏகாதிபத்திய யுத்தம் என்றது. சோவியத் யூனியனுக்குள் ஹிட்லர் நுழைந்த மறுநாளில் இருந்து ஏன் இன்னும் இறங்கவில்லை என்று கேட்டது. நம்ம ஊர்த் தோழர்களுக்கு இது புதுசாகத் தெரியாது. இங்கேயும் ஏகாதிபத்திய யுத்தம் மக்கள் யுத்தமாகத் திரும்பிய கதை உண்டு. கேலி செய்வதற்காக இதை ஞாபகப்படுத்தவில்லை. 'எப்போது இறங்க வேண்டும்' என்பதற்குப் பாசிசத்தின் கொடுமையை அளவுகோலாக வைக்காமல், ஏதோ ஒரு அரசின் தேவையை அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கறுப்பின மக்கள்? ஜனநாயகத்தின் ஆயுதக்கிடங்கு என்று ரூஸ்வெல்ட் நாட்டுக்குப் பேர் வைத்தார். அந்தக் கிடங்கின் தொழிற்சாலைகளில் கறுப்பர்களுக்கு வேலை கிடையாது, கிடைத்தால் கூட்டிப் பெருக்கும் வேலை. 1941 ஜூலை 1 அன்று வாஷிங்டனை நோக்கி நடப்போம் என்று தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் அறிவித்தார். ஜூன் 25இல், பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாடு கூடாது என்ற ஆணையில் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். நடை நடக்கவில்லை, மிரட்டலே போதுமாக இருந்தது. ராணுவத்துக்குள் பிரிவினை மட்டும் 1948 வரை சட்டபூர்வமாகவே இருந்தது. கறுப்பன் தனிப் படையில்தான் சாக வேண்டும்.

1941 ஆகஸ்டில் கட்டாய ராணுவ சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று ஒரே ஓட்டில் பிழைத்தது. பேர்ல் ஹார்பருக்கு நாலு மாதம்தான் இருந்தது. இதுதான் 'தேசம்'. அதற்கு ஒற்றை மனசு இருந்ததாகவும், அது தயங்கியதாகவும், பிறகு விழித்துக்கொண்டதாகவும் சொல்வது பிற்பாடு கட்டிய கதையாடல். உண்மையில் 1941 டிசம்பர் 7இல் ஜப்பான் குண்டு போட்டது. டிசம்பர் 11இல் ஹிட்லர் அமெரிக்கா மீது போர் அறிவித்தான். அதற்குப் பிறகு, அதே நாளில்தான் அமெரிக்கா ஜெர்மனி மீது அறிவித்தது. விழிப்பு எங்கே இருக்கிறது இதில்?

இறங்கலாமா வேண்டாமா என்று கேட்க முடிவதே ஒரு சலுகை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் பிடியில் இருந்தது. பேர்ல் ஹார்பர் நடந்த சில மணி நேரத்தில் அங்கே குண்டு விழுந்தது, அவர்களை யாரும் கேட்கவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்று இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தபோது நம்மையும் யாரும் கேட்கவில்லை.

3

மூன்றாவது, அந்த வினையடை. 'முன்னதாகவே.' எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். ஏனென்றால் முன்னதாகவே போனவர்கள் இருந்தார்கள்.

சுமார் 2,800 அமெரிக்கர்கள் ஸ்பெயினுக்குப் போய் ஃபிராங்கோவுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார்கள். ஆபிரகாம் லிங்கன் பிரிகேட் என்று அவர்களைச் சொல்வது வழக்கம். துறைமுகத் தொழிலாளிகள், மாணவர்கள், வேலையில்லாதவர்கள், நிறைய யூதர்கள், கொஞ்சம் கறுப்பர்கள். ஸ்பெயினுக்குப் போகச் செல்லாது என்று பாஸ்போர்ட்டில் அரசாங்கம் முத்திரை குத்தியது. மலை ஏறி எல்லை தாண்டினார்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேர் திரும்பவில்லை. ஆலிவர் லா என்ற கறுப்பின இளைஞர் வெள்ளையர்களும் இருந்த அந்தப் படைக்குத் தலைமை தாங்கி 1937 ஜூலையில் புருனெட்டெ போர்முனையில் செத்தார். அவருடைய சொந்த நாட்டு ராணுவம் அந்த நிலைக்கு வர இன்னும் பல வருஷம் இருந்தது.

திரும்பி வந்தவர்களுக்கு என்ன நடந்தது? 'காலத்துக்கு முந்திய பாசிச எதிர்ப்பாளர்கள்' என்று ஒரு பேர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. உளவுத்துறை பின்னால் சுற்றியது. 1947இல் அவர்களுடைய அமைப்பு தேசவிரோத அமைப்புகளின் பட்டியலில் ஏறியது. அந்தப் பேரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாசிசத்தை எதிர்ப்பதற்குச் சரியான தேதி ஒன்று இருக்கிறது, அதை அரசுதான் குறிக்கும், அதற்கு முன்னால் எதிர்த்தால் குற்றம். 'தேசம் முன்னதாகவே வந்திருக்க வேண்டும்' என்று நாம் பெருமூச்சு விடும்போது, முன்னதாகவே வந்தவர்களை அதே தேசம் தண்டித்தது என்பது காணாமல் போய்விடுகிறது.

1938 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் ஜப்பானுக்குப் பழைய இரும்பு ஏற்றவிருந்த கப்பல் முன்னால் சீனக் குடியேறிகள் மறியல் செய்தார்கள். கிழவிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும். துறைமுகத் தொழிலாளிகள் மறியலைத் தாண்டி உள்ளே போக மறுத்தார்கள். இதுவும் போரில் இறங்குவதுதான், ஒரு குண்டும் சுடாமல். அரசு அந்த இரும்பை நிறுத்த இன்னும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது.

அப்புறம் கதவுகள். செயின்ட் லூயிஸ் கப்பல் 1939 மே மாதம் 937 பயணிகளோடு ஹாம்பர்க்கில் இருந்து கிளம்பியது. பெரும்பாலும் யூதர்கள். கியூபா ஒருசிலரைத் தவிர யாரையும் இறங்கவிடவில்லை. மியாமியின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை வந்தும் அமெரிக்காவும் விடவில்லை. திரும்பிப் போனவர்களில் 254 பேர் நாஜிகள் கையில் செத்தார்கள். அதே வருஷம், 20,000 அகதிக் குழந்தைகளைக் கூடுதலாக அனுமதிக்கலாம் என்ற மசோதா ஓட்டெடுப்புக்கே வராமல் செத்தது. இதற்கெல்லாம் விமானந்தாங்கிக் கப்பல் வேண்டியதில்லை. ஒரு முத்திரையும் கொஞ்சம் மையும் போதும்.

1940 ஜூனில் வெளியுறவுத்துறையின் உயரதிகாரி பிரெக்கின்ரிட்ஜ் லாங் ஒரு குறிப்பு எழுதினார். விசாவை மறுக்க வேண்டாம், தடைகள் வைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்பது அதன் சாரம். காரணம்? அகதிகளோடு ஒற்றர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயம். 'சீக்கிரம் இறங்கியிருக்கலாமே' என்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அமெரிக்கா போரை நெருங்க நெருங்கக் கதவு இறுகியது. போர் ஜுரம்தான் விசாவைக் கொன்றது. 1939 முதல் 1941 வரை பல்லாயிரம் யூதர்கள் எப்படியோ அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். 1939-லேயே போர் அறிவித்திருந்தால் ஜெர்மனியில் இருந்த தூதரகங்கள் அன்றைக்கே மூடியிருக்கும். அந்தப் பல்லாயிரம் பேர் எந்த வழியாக வந்திருப்பார்கள்?

அந்தக் கெடுபிடிக்கு நடுவில் வாரியன் ஃபிரை என்ற பத்திரிகைக்காரர் 1940 ஆகஸ்டில் மார்செய்க்குப் போனார். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்து, கள்ளப் பத்திரமும் மலைவழியும் வைத்து ஏறத்தாழ 2,000 பேரைத் தப்பிக்க வைத்தார். ஹன்னா அரெண்ட், மார்க் ஷகால், ஹைன்ரிஹ் மன் எல்லாம் அந்தப் பட்டியல். ஒரு வருஷத்துக்குள்ளாகவே அவருடைய பாஸ்போர்ட்டை, ஊர் திரும்புவதற்குத் தவிர, புதுப்பிக்க முடியாது என்றது அமெரிக்கத் தூதரகம். 1941 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு அவரை வெளியேற்றியது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1940 செப்டம்பரில், வால்டர் பெஞ்சமின் ஸ்பெயின் எல்லையில் போர்ட்போ ஊரில் உயிரை விட்டார். அமெரிக்க விசா அவர் கையில் இருந்தது. இல்லாதது பிரான்சை விட்டு வெளியேறுவதற்கான அனுமதி. நாம் அவரை மேற்கோள் காட்டுகிறோம். அவருடைய சாவு ஒரு காகிதத்தின் சாவு என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

4

எழுதுகிறவர்கள் இந்தக் கதையில் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், இரண்டு பேரைச் சொல்வேன்.

முதலாவது ஆள் ராண்டால்ஃப் போர்ன். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது முற்போக்கு அறிவாளிகள், தத்துவாசிரியர் ஜான் டூயி உட்பட, போருக்கு நியாயம் எழுதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனால் போரை நல்லவிதமாகத் திருப்பலாம் என்பது அவர்கள் வாதம். அந்த யானையின் மேல் ஏறிக்கொண்டு நாங்கள்தான் ஓட்டுகிறோம் என்று சொல்லாதீர்கள் என்கிற ரீதியில் போர்ன் 'செவன் ஆர்ட்ஸ்' என்ற சிறுபத்திரிகையில் எழுதினார். புரவலர் பணத்தை நிறுத்தினார். 1917 அக்டோபரோடு பத்திரிகை நின்றது. அடுத்த வருஷம் விஷக் காய்ச்சலில் போர்ன் செத்தபோது வயது 32. சிறுபத்திரிகை நடத்திய யாருக்கும் இந்தக் கதையில் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது ஆள் கவிஞர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷ். 1940இல் அவர் தேசிய நூலகத்தின் தலைவர். முதல் போருக்குப் பிறகு வந்த நாவல்கள், ஹெமிங்வே, டாஸ் பாசோஸ் போன்றவர்களுடையவை, பெரிய வார்த்தைகள் மேலேயே இளைஞர்களை அவநம்பிக்கைப்பட வைத்துவிட்டன, பாசிசத்துக்கு எதிராக அவர்களை நிராயுதபாணியாக்கிவிட்டன என்று குற்றம் சாட்டினார். இலக்கியம் தேசத்தைத் தாமதப்படுத்திவிட்டது என்று அர்த்தம்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தேதிகளைப் பாருங்கள். பெரிய வார்த்தைகளை நம்பாத அந்த ஹெமிங்வே 1937-லேயே ஸ்பெயினில் இருந்தார். யோரிஸ் இவன்ஸோடு சேர்ந்து 'ஸ்பானிய மண்' என்ற ஆவணப்படத்தில் வேலை செய்தார். அந்தப் படத்தை 1937 ஜூலையில் வெள்ளை மாளிகையிலேயே ரூஸ்வெல்ட்டுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜனாதிபதி பார்த்தார். ஆயுதத் தடை நீங்கவில்லை. அவநம்பிக்கை எழுதியவன் முன்னதாகவே போனான். பெரிய வார்த்தை பேசிய அரசு பின்னால் வந்தது. அரசின் சொல்லை நம்பாதவனுக்குத்தான் பாசிசம் சீக்கிரம் கண்ணில் படுகிறது என்பது என் வாசிப்பு.

5

'எல்லாம் சரி, கடைசியில் நாஜிகளைத் தோற்கடித்தது விசாவா, ராணுவமா?' என்று கேட்பார்கள். ராணுவம்தான். அதிலும் பெரும்பங்கு செஞ்சேனை. சோவியத் மக்கள் 2.7 கோடி பேர் செத்தார்கள். ஆயுதமே கூடாது என்று நான் வாதிடவில்லை. ஸ்பெயினுக்குப் போனவர்கள் ராட்டை சுற்றப் போகவில்லை. நான் சொல்வது வேறு. அரசு போரில் இறங்குவது வேறு, கொல்லப்படுகிறவர்களுக்காக இறங்குவது வேறு. இறங்கிய பிறகும் அமெரிக்கா 1944 ஜனவரியில்தான் போர் அகதிகளுக்கான வாரியத்தை அமைத்தது. அதற்குள் பெரும்பாலான யூதர்கள் கொல்லப்பட்டாகிவிட்டது. 1942 பிப்ரவரியில் தன் சொந்த மண்ணில் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்கும் ஆணையைப் போட மட்டும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. தாமதம் என்பது தேசத்தின் சுபாவம் அல்ல. எதில் வேகம், எதில் தாமதம் என்பதுதான் அதன் அரசியல்.

இதை இப்போது தோண்டுவதற்குக் காரணம் உண்டு. 'அன்று தாமதமாக வந்தோம்' என்ற கதை அமெரிக்காவில் பாவமன்னிப்பாக இல்லை, உரிமமாக வேலை செய்கிறது. 1965 ஜூலையில் வியத்நாமுக்கு இன்னும் படை அனுப்பியபோது ஜான்சன், ஹிட்லருக்குப் பணிந்த மியூனிக் உதாரணத்தைத்தான் எடுத்தார். 2003 மார்ச்சில் ஈராக்கைத் தாக்கும் முன் புஷ் பேசியதிலும் அதே பாடம் வந்தது. அன்று பிந்தியதற்குப் பிராயச்சித்தமாக இன்று முந்திப் போடுகிறார்கள் குண்டு. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் கொலை நடந்துகொண்டிருக்கும்போதே அங்கிருந்த ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. அப்போது யாருக்கும் மியூனிக் ஞாபகம் வரவில்லை.

ஆகவே, அமெரிக்கா முன்னதாகவே இறங்கியிருக்க வேண்டுமா என்று கேட்டால், என் பதில்: எண்ணெயை 1935இல் நிறுத்தியிருக்க வேண்டும், ஸ்பெயினுக்கான தடையை 1937இல் போடாமல் இருந்திருக்க வேண்டும், கப்பலில் வந்தவர்களை 1939இல் இறக்கியிருக்க வேண்டும். இவை நடந்திருந்தால் 1941 எப்படி இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இவற்றுக்குப் போர் அறிவிப்பு தேவைப்பட்டிருக்காது என்று மட்டும் சொல்ல முடியும்.

2019 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில், ஏமன் போருக்குப் போகும் சரக்கை ஒரு சவுதிக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று தொழிலாளிகள் நின்றார்கள். அவர்களுடைய அரசு அவர்களிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. அடுத்த தடவை 'எந்தத் தேசம் எப்போது இறங்க வேண்டும்' என்று கூட்டத்தில் பேச்சு வரும்போது, நம்முடைய துறைமுகங்களில் என்ன ஏறுகிறது, நம்முடைய எல்லையில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டுப் பேசலாம்.